கிடாவை இழுத்துப் போனவர்

குலத்தில் பிள்ளைகளைச் சேர்க்கும் அபத்தூரியா திருவிழாவின் மூன்றாம் நாள் காலை, ஏதென்ஸ் நகரச் சுவருக்கு வடக்கே, ஜீயஸின் பலிபீடத்தருகே நின்றவர்கள் இவர்கள்: குலத்தலைவர் பந்தக்ளேஸ், பைனிப்போஸ் மகன் மந்திதேயோஸ், வயது எழுபத்தொன்று, அவருடைய மகன் கெபிசியோஸ், கையில் குழந்தையோடு, துறைமுகத்தில் கயிறு திரிக்கும் அக்னியாஸ், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத சிமுலோஸ், இவர்களைத் தவிர, பங்காளிகள் முப்பத்து நான்கு பேர். பெண்கள் யாரும் இல்லை. அக்னியாஸின் மகன் எவ்மேலோஸ் வரவில்லை. அவன் வர முடியாது. ஏன் வர முடியாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அதற்குக் காரணமானவர் மந்திதேயோஸ் என்பதும் தெரியும்.

அன்றைக்குக் குலத்தில் சேரவேண்டியது மந்திதேயோஸின் பேரன். தலைப்பேரன் என்பதால் பாட்டனார் பெயரையே வைத்திருந்தார்கள். குழந்தை மந்திதேயோஸுக்கு ஒன்பது மாதம். அவன் அப்பாவின் மேலங்கியைச் சப்பிக்கொண்டிருந்தான்.

கிடாவைத் தராசில் தூக்கினார்கள்.

"சின்னது! சின்னது!" என்று பங்காளிகள் கத்தினார்கள். எருமை அளவுக்குக் கிடா கொண்டு வந்தாலும் அப்படித்தான் கத்துவார்கள். அது வழக்கம்.

"இதென்ன கிடாவா, பூனையா?" என்றான் சிமுலோஸ். "பெரியவரே, உங்க வீட்டுல ஆட்டுக்குத் தீனியே போடறதில்லையா?"

"உனக்குப் போடற தீனியை நிறுத்தினா ஆட்டுக்கு மிச்சம் இருக்கும்டா" என்றார் மந்திதேயோஸ். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் உதட்டை விரித்தார். ஆனால் அவருடைய கண் சிமுலோஸ் மேல் இல்லை. கூட்டத்தின் ஓரத்தில், நாரும் தாரும் ஏறிக் கறுத்த கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற அக்னியாஸ் மேல் இருந்தது.

குழந்தையைச் சேர்ப்பதில் ஆட்சேபம் உள்ள பங்காளி வாயால் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. கிடாவின் கயிற்றைப் பிடித்து, பலிபீடத்தைவிட்டு அதை இழுத்துப் போனால் போதும். பிறகு குழந்தையின் தாய் தகப்பன் இருவரும் ஏதென்ஸ்காரர்கள்தான் என்பதைச் சாட்சி வைத்து நிரூபிக்கவேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் குலம் இல்லை. குலம் இல்லாதவனுக்கு ஊர்ப் பட்டியலில் பெயர் இல்லை, நிலம் இல்லை, சபையில் வாய் திறக்க உரிமை இல்லை. பிறந்த ஊரிலேயே அவன் வெளியூரான்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், இதே பலிபீடத்தில், அக்னியாஸின் கிடாவை இழுத்துப் போனவர் மந்திதேயோஸ்.

அதற்குக் காரணம் முடிதிருத்தும் கடையில் நடந்த ஒரு பேச்சு. பங்காளிகள் வழக்கமாகக் கூடுகிற கடை அது. மந்திதேயோஸ் நாற்காலியில் அமர்ந்து தாடியைத் திருத்தக் கொடுத்திருந்தார். யாரோ ஒருவன் வீட்டுப் பெண் ஓடிப்போன கதையைப் பேசினார்கள். மானமுள்ள குடும்பம் என்றால் அதற்கு முந்தின நாளே விஷம் குடித்திருக்கும் என்று மந்திதேயோஸ் சொன்னார். மூலையில் உட்கார்ந்திருந்த அக்னியாஸ் மெதுவாகக் கேட்டார்:

"அண்ணே, ஒரு சந்தேகம். இந்தக் குடும்ப மானம்ங்கறது நம்ம கையில இருக்கா, ஊரார் வாயில இருக்கா?"

"நம்ம கையிலதான். இதுல என்ன சந்தேகம்?"

"அப்ப ஊரார் என்ன பேசினாலும் அது போகாதுல்ல?"

"போகாம? நாலு பேர் பேசினா போச்சு."

"நம்ம கையில இருக்கறதை நாலு பேர் வாயால எப்படிண்ணே எடுத்துட்டுப் போவாங்க?"

"பேர் கெட்டுப்போச்சுன்னா மானம் போச்சுன்னுதான்டா அர்த்தம்."

"அப்ப அது அவங்க வாயிலதான் இருந்திருக்கு. நாமதான் கையில இருக்குன்னு நெனச்சுட்டிருந்தோம்."

கடை முழுக்கச் சிரித்தது. முடிதிருத்துபவன் கூடக் கத்தியை எடுத்துக்கொண்டு தள்ளி நின்று சிரித்தான். அக்னியாஸ் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கும் நிஜமாத் தெரியலண்ணே. தெரிஞ்சா சொல்லுங்க" என்றார். அந்தக் காலத்தில் அவர் அப்படித்தான். தூண் மண்டபங்களில் தத்துவம் பேசுகிறவர்களின் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வந்து, கயிற்றுக் கடையிலும் மீன் கடையிலும் பார்ப்பவர்களையெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டு திரிவார். தெரியாததைக் கேட்பதில் என்ன வெட்கம் என்பார்.

மந்திதேயோஸ் எழுந்து வெளியே போய்விட்டார். சந்தையைப் பாதி கடந்த பிறகுதான், தாடியில் ஒரு பக்கம் மட்டுமே திருத்தியிருந்தது அவருக்கு நினைவு வந்தது. திரும்பிப் போகவும் முடியாது. அப்படியே, ஒரு கன்னத்தில் காடும் மறு கன்னத்தில் வயலுமாக, வீடு வரைக்கும் நிமிர்ந்தே நடந்தார். அந்த வாரம் முழுக்க ஊர் அதைத்தான் பேசியது.

அடுத்த மாதம் அபத்தூரியா வந்தது. அக்னியாஸ் தன் ஒரு வயது மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். சத்தியம் செய்தார். எல்லோரும் வழக்கம்போலக் கத்தினார்கள். மந்திதேயோஸ் முன்னால் வந்து கயிற்றைப் பிடித்தார்.

"இந்தப் பையனோட அம்மா எடிஸ்தே, லெம்னோஸ் தீவுல பிறந்தவ. அவ ஏதென்ஸ்காரன் மகள்தான்னு பாத்தவங்க யாரு? நான் குத்தம் சொல்லல. கேக்கத்தான் செய்யறேன்" என்றார்.

சொல்லிவிட்டுக் கிடாவை இழுத்துக்கொண்டு நடந்தார். அக்னியாஸின் மாமனார் இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. லெம்னோஸில் குடியேறியிருந்த ஏதென்ஸ்காரர்கள் போரில் திசைக்கொருவராகச் சிதறியிருந்தார்கள். சாட்சி சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை.

ஒருவர் இருந்தார். லெம்னோஸில் படையோடு தங்கியிருந்தபோது, மந்திதேயோஸ் எடிஸ்தேயின் தகப்பன் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். ஒருமுறை அல்ல, நான்கு மாதத்தில் பலமுறை. அவர் கைகழுவத் தண்ணீர் ஊற்றிய எட்டு வயதுப் பெண்தான் எடிஸ்தே. அவளுடைய அப்பா எந்தப் பேட்டைக்காரர், அம்மா யார் வீட்டுப் பெண் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தே கேட்டார். நான் பொய் எதுவும் சொல்லவில்லையே, கேட்கத்தானே செய்தேன் என்று பத்தொன்பது ஆண்டுகளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் பதில் ஆரம்பத்தில் போதுமானதாக இருந்தது. எடிஸ்தேயைப் பெண்கள் திருவிழாவின் வாசலில், வெளியூர்க்காரி என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று அவருடைய மனைவி வந்து சொன்ன நாளில், அது கொஞ்சம் குறைந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் எடிஸ்தே செத்துப்போனாள் என்று கேட்டபோது இன்னும் குறைந்தது.

இப்போது கெபிசியோஸ் பலிபீடத்தின்மேல் கையை வைத்தான். "இவன் என் மகன். முறைப்படி கட்டின ஏதென்ஸ்காரப் பெண்ணான மெலித்தாவுக்குப் பிறந்தவன்" என்று சத்தியம் செய்தான். மந்திதேயோஸ் அக்னியாஸைப் பார்த்தார். அக்னியாஸ் அசையவில்லை.

அசைந்தவன் சிமுலோஸ்.

"கோவிச்சுக்காதீங்க பெரியவரே. மருமக மெலித்தா யாரு பொண்ணு?"

"தூதிப்போஸ் மகள். துறைமுகத்துல இருந்தவர்."

"தூதிப்போஸை நான் பாத்ததில்லையே. இங்க யாராச்சும் பாத்திருக்கீங்களா?" சிமுலோஸ் சுற்றிலும் பார்த்தான். கிடாவின் கயிற்றை விரலால் லேசாகத் தொட்டான். இழுக்கவில்லை. "நான் குத்தம் சொல்லல. கேக்கத்தான் செய்யறேன்."

அவன் மந்திதேயோஸின் குரலிலேயே அதைச் சொன்னான். பழைய ஆட்கள் சிலர் மூக்கு வழியாகச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஏனென்றால் கேள்வி உண்மையான கேள்வியாகிவிட்டது. தூதிப்போஸின் குடும்பத்தைக் கொள்ளைநோய் ஒரே வாரத்தில் துடைத்துக்கொண்டு போயிருந்தது. பெண்ணைக் கொடுத்த சித்தப்பா போன கோடையில் கப்பலோடு மூழ்கினார். கெபிசியோஸ் குழந்தையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, அப்பாவைப் பார்த்தான்.  மந்திதேயோஸ் எழுபத்தொரு வயதில், இத்தனை பங்காளிகள் முன்னால், தன் மருமகள் யார் என்பதற்கு ஒரு சாட்சியைக் காட்ட முடியாமல் நின்றார்.

குலத்தலைவர் பந்தக்ளேஸ் தொண்டையைச் செருமினார். "யாருக்காச்சும் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்" என்றார் அக்னியாஸ்.

கூட்டம் வழிவிட்டது. அவர் பலிபீடத்தருகே வந்து அதன்மேல் கை வைத்தார்.

"தூதிப்போஸ் எங்க கயிற்றுக் கொட்டகைக்குப் பக்கத்து வீடு. இந்தப் பொண்ணு பிறந்த பத்தாம் நாள் பேர் வெச்சப்ப நானும் விருந்துல இருந்தேன். அவ அம்மா, உப்பு வித்துட்டிருந்த அன்டிபனெஸோட தங்கச்சி. அவங்க கல்யாணத்துக்கும் போனேன். ரெண்டு பேரும் ஏதென்ஸ்காரங்க. ஜீயஸ் மேல சத்தியம்." சொல்லிவிட்டுத் திரும்பி, "கயிற்றை விடு சிமுலோஸ், கிடா பயப்படுது" என்றார்.

வாக்கெடுப்பு நடந்தது. பலிபீடத்தின்மேல் இருந்த கற்களை ஒவ்வொருவராக எடுத்துப் போய்ப் பானையில் போட்டார்கள். ஒரு கல்கூட எதிராக விழவில்லை. கெபிசியோஸ் மகன் மந்திதேயோஸ் என்று பட்டியலில் எழுதினார்கள். கிடாவை வெட்டினார்கள். தொடை எலும்பும் கொழுப்பும் நெருப்பில் பொரிந்தன. கறியைப் பங்கு போடத் தொடங்கினார்கள்.

மந்திதேயோஸ் தண்ணீர்த் தொட்டியருகே போனார். அக்னியாஸ் அங்கே குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தார். நன்றி சொல்லத்தான் போனார். வாயிலிருந்து வந்தது வேறு.

"ஏன் சொன்ன?"

"தெரியுமான்னு கேட்டாங்க. தெரிஞ்சது, சொன்னேன்."

"சும்மா இருந்திருக்கலாம். யாரும் உன்னைக் குத்தம் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் உனக்குச் செஞ்சது மறந்து போச்சா?"

"எப்படிண்ணே மறக்கும்? எவ்மேலோஸ் தெனமும் எனக்கு எதிர்ல உக்காந்துதானே கயிறு முறுக்கறான்." அக்னியாஸ் கையை உதறினார். "முதல்ல ரெண்டு மூணு வருஷம் உங்க மேல எனக்குத் தீராத கோவம். கொட்டகையில முறுக்குற கயிறெல்லாம் உங்க கழுத்துக்குத்தான்னு நெனச்சு முறுக்கியிருக்கேன். நல்ல இறுக்கமாத்தான் வரும், வியாபாரம் பிரமாதம்."

மந்திதேயோஸால் சிரிக்க முடியவில்லை.

"அப்புறம் ஒரு நாள் யோசிச்சேன். நீங்க செஞ்சதை நான் மாத்த முடியாது. அது உங்க பொறுப்பு. நான் என்ன செய்யறேங்கறது மட்டும்தான் என் பொறுப்பு. அதையும் கோட்டை விட்டேன்னா எனக்குன்னு என்ன மிஞ்சும்? அதுவுமில்லாம, நீங்க என்ன தப்புப் பண்ணீங்க? உங்களுக்குத் தெரியாது, கேட்டீங்க. தெரியாததைக் கேக்கறதுல வெட்கமில்லைன்னு ஊர் ஊராச் சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான். என் பேச்சு எனக்கே வந்து சேர்ந்தப்ப வலிச்சதுங்கறதுக்காக அது பொய்யாயிடுமா? எடிஸ்தே சாகற வரைக்கும் உங்களைத் திட்டிட்டிருந்தா. நான்தான், 'அவருக்குத் தெரியாதும்மா, தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டார்'னு சொல்லுவேன்."

அக்னியாஸ் அவருடைய தோளை லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

மந்திதேயோஸ் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாராவது அவரைத் திட்டியிருந்தால் நிமிர்ந்து நின்றிருப்பார். அதற்கு அவருக்குப் பழக்கம் உண்டு. அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பார். ஒரு மனிதன் ஆண்டுக்கணக்கில் தன் வீட்டுக்குள்ளேயே, தன் மனைவியிடமே, அவருக்காக வாதாடியிருக்கிறான் என்பதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. முகம் காது வரைக்கும் எரிந்தது. தண்ணீரில் தெரிந்த தன் வெள்ளைத் தாடியைப் பார்த்தார். உடனே பார்வையை விலக்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் போய்விடலாம். பேரன் சேர்ந்துவிட்டான். அக்னியாஸுக்கு ஒன்றும் தெரியாது. லெம்னோஸில் அந்த வீட்டில் சாப்பிட்ட மற்றவர்கள் எல்லோரும் செத்துப்போனார்கள். இந்த ரகசியம் இன்னும் சில ஆண்டுகளில் அவரோடு மண்ணுக்குள் போய்விடும். யாருக்கும் எதுவும் குறையாது, துறைமுகத்தில் கயிறு முறுக்கும் ஒருவனைத் தவிர.

கெபிசியோஸ் கறிப் பங்கோடு வந்தான். "அப்பா, தொடைக் கறி நமக்குத்தான். வாங்க."

"பலிபீடம் வரைக்கும் வா" என்றார் மந்திதேயோஸ்.

எல்லோரும் வாயில் கறியோடு திரும்பிப் பார்த்தார்கள். அவர் பலிபீடத்தின்மேல் கையை வைத்தார். இன்னும் சூடாக இருந்தது.

"பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி எவ்மேலோஸோட கிடாவை நான் இழுத்துட்டுப் போனேன். அவன் அம்மா எடிஸ்தே ஏதென்ஸ்காரி. எனக்கு அப்பவே தெரியும். அவங்கப்பா வீட்டுல நான் சாப்பிட்டிருக்கேன். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"அப்பா" என்றான் கெபிசியோஸ்.

"நீ சும்மா இரு."

 சிமுலோஸ் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். அக்னியாஸ் கூட்டத்துக்குள்ளிருந்து மெதுவாக முன்னால் வந்தார்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"எடிஸ்தே சொன்னதுதான் சரியா அப்ப?"

மந்திதேயோஸ் தலையை ஆட்டினார்.  எல்லாக் கேள்விகளுக்கும் எங்கிருந்தாவது இன்னொரு கேள்வி எடுக்கிற அக்னியாஸ், எதையோ தேடுவதுபோலத் தரையைப் பார்த்தார்.

"இந்தக் கோவத்தை எங்க வைக்கறதுன்னு எனக்குத் தெரியலண்ணே" என்றார் கடைசியில். "என் பொறுப்பு அது இதுன்னு பெருசாப் பேசினேன். இப்ப ஒண்ணும் ஞாபகம் வரல." கறிப் பங்கை எடுக்காமலேயே துறைமுகப் பாதையில் இறங்கிப் போனார்.

பந்தக்ளேஸ் குலத்தலைவர், விதி அவருக்கு மனப்பாடம். ஆனாலும் அதைச் சொல்லும்போது மந்திதேயோஸின் முகத்தைப் பார்க்கவில்லை. "அடுத்த அபத்தூரியாவுல எவ்மேலோஸைக் கூட்டிட்டு வரணும். நீங்க சாட்சி சொல்லணும். அப்புறம்... பொய்யாக் கிடாவை இழுத்தவன் பேரை வெள்ளைப் பலகையில எழுதி, நம்ம ஆளுங்க கூடற முடிதிருத்தற கடை வாசல்ல மாட்டணும். வருஷம் முழுக்க இருக்கணும்."

"எழுதுங்க."

எழுத்தன் பலகையை மடியில் வைத்துக்கொண்டு மந்திதேயோஸ் என்று எழுதினான். தூரிகையை மறுபடி மையில் தோய்த்தான்.

"அது போதும்" என்றார் மந்திதேயோஸ் அவசரமாக. "பைனிப்போஸ் பேர் வேண்டாம். அவர் கடல் போர்ல செத்தவர். அவர் கல்லறையில அந்தப் பேரு ஒரு கறையில்லாம இருக்கு. நான் செஞ்சதுக்கு அவரை ஏன் இழுக்கறீங்க? என் பேரு மட்டும் இருக்கட்டும்."

பந்தக்ளேஸ் தயங்கினார். "பெரியவரே, இன்னைக்குக் காலையில இருந்து நம்ம குலத்துல மந்திதேயோஸ் ரெண்டு பேர். அப்பா பேர் இல்லன்னா எந்த மந்திதேயோஸ்னு எப்படித் தெரியும்?"

கெபிசியோஸின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வாயோரம் எச்சில் ஒழுகி அப்பாவின் அங்கியை நனைத்திருந்தது. மந்திதேயோஸ் அதைப் பார்த்தார். அவர் வாழ்நாள் முழுக்கக் குடும்பப் பெயரைக் காத்தவர். அப்பாவின் பெயரா, பேரனின் பெயரா, இரண்டில் ஒன்று கடை வாசலில் தொங்கித்தான் ஆகவேண்டும் என்று ஒரு நாள் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. அதைத் தேர்ந்தெடுக்கவேண்டியவரும் அவரே.

குழந்தையின் வாயோரத்தைத் தன் அங்கியால் துடைத்தார். 

"எழுது" என்றார் எழுத்தனிடம். "பைனிப்போஸ் மகன்னு எழுது. பெருசா எழுது, தூரத்துலேர்ந்து படிக்கற மாதிரி."

எழுத்தன் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று ஒவ்வோர் எழுத்தையும் பார்த்தார். பலகையைத் தானே சுமந்துபோய்க் கடை வாசலில் மாட்டினார். கெபிசியோஸ் வாங்கிக்கொள்ளக் கை நீட்டியும் கொடுக்கவில்லை. வழியில் தெரிந்தவர்கள் எதிரே வந்தார்கள். சிலர் படித்தார்கள், சிலர் படிக்காததுபோலப் போனார்கள். படிக்காததுபோலப் போனவர்களைப் பார்த்துத்தான் அவருக்கு அதிகம் வலித்தது.

மறு ஆண்டு எவ்மேலோஸ் வந்தான். தகப்பனைப் போலவே கறுத்த கைகள். மந்திதேயோஸ் சாட்சி சொன்னார். ஒரு கல்லும் எதிராக விழவில்லை. கிடா சின்னது என்று எல்லோரும் கத்தினார்கள். அக்னியாஸ் மந்திதேயோஸுக்கு வணக்கம் சொன்னார், பேசவில்லை. அடுத்த குளிர்காலத்தில் மந்திதேயோஸ் இறந்தபோது அக்னியாஸ் வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனார்.

பெரியவர் எல்லாவற்றையும் பணயம் வைத்து, தன் பேரனின் வாக்கெடுப்புக்கு முன்னாலேயே எழுந்து உண்மையைச் சொன்னார் என்று இப்போது துறைமுகத்தில் பெருமையாகப் பேசுகிறார்கள். அது தவறு. பேரனின் பெயர் பட்டியலில் ஏறி, கிடாவை வெட்டி, கறியைப் பங்கு போட்ட பிறகுதான் அவர் சொன்னார்.